ஐந்துக்கு மேலே

ஒரு பெண்ணிடம் வயதைக் கேட்கக் கூடாது என்பார்கள். என்னிடம் மணிக்கு ஒரு தரம் ரத்தத்தையே கேட்கிறார்கள். என் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்பது மூன்று பேருக்குத் தெரியும். எனக்கு, கணக்கு வகுப்பில் மேசைக்கு அடியில் போனைப் பார்க்கும் என் மகள் டெகனுக்கு, அப்புறம், நான் சொல்லச் சொல்ல, ஃபோர்மேன் ட்ரெண்ட்டுக்கு.

நான் கெய்லீன். வயது நாற்பத்தொன்பது, நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். சவுத்போர்ட்டில் கடலைப் பார்த்து எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டினேன். பத்தொன்பது வருடமாக அதுதான் தொழில். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய், அதுவும் இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு வாய் ரொட்டிகூடச் சாப்பிட முடியாத வகை. இடது கையின் பின்பக்கம் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அது போனுக்கு ஓர் எண்ணை அனுப்பும்; எங்கள் ஊர்க் கணக்கில் ஐந்து என்றால் மற்ற ஊர்க் கணக்கில் தொண்ணூறு. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. அம்பு படுத்திருந்தால் நிம்மதி. தலை குப்புறக் கீழே பார்த்தால் சர்க்கரை சரிகிறது என்று அர்த்தம்.

கேபினில் உட்கார ட்ரெண்ட் எனக்கு விதிகள் போட்டிருந்தான். ஏறும் முன் எண் ஐந்துக்கு மேலே இருக்க வேண்டும். ஏறின பிறகு மணிக்கு ஒரு தரம் வாக்கி-டாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். இறங்கவும் ஐந்துக்கு மேலே. இருக்கையில் இருக்கும்போது நாலுக்குக் கீழே ஒரே ஒரு தரம் போனாலும் கீழே வந்துவிட வேண்டும், சிறப்பு மருத்துவர் கையெழுத்துப் போடும்வரை ஏற முடியாது. கையெழுத்துக்கு மூன்று மாதம் ஆகும். அதற்குள் அந்த இருக்கைக்கு வேறு ஒருவரின் முதுகு பழகிவிடும். இதய நோய் வந்த இரண்டு பேருக்கு அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதுகிறார்.

அதனால் நான் ஏமாற்றினேன். மூன்று வருடம் ஏமாற்றினேன். தினமும் ஏறுவதற்கு முன் இரண்டு ஜாம் ரொட்டி தின்றுவிட்டு, பதினான்கில் ஏறினேன். "பதினாலு" என்று நான் சொன்னால் ட்ரெண்ட் "சூப்பர்" என்பான். மேலே போகிற எண்ணைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அது மெதுவாகத்தான் கொல்லும், வேலை நேரத்தில் கொல்லாது.

ஜனவரியில் டாக்டர் ஹோ என் கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். வலது கண்ணில் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், யாரோ பேனாவை உதறின மாதிரி.

"இது ரத்தம்" என்றார். "இனிமே உனக்கு ஆறு, ஏழு, எட்டு. அதுக்கு மேலே தினம் தினம் இருந்தா கண்ணு போயிடும். நீ என்ன வேலை பாக்கறே?"

"கிரேன் ஓட்டறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதிகம் பேசாத அம்மாள்.

ஆக, கணக்கு இதுதான். எண் கீழே போனால் இருக்கை போகும். எண் மேலே நின்றால் கண் போகும், கண் போனால் இருக்கையும் சேர்ந்தே போகும். நடுவில் ஒரு சந்து. பிப்ரவரி முழுக்க நான் அந்தச் சந்தில் பக்கவாட்டில் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாய் கூடினால் ஒரு சுவர், ஒரு சொட்டு இன்சுலின் கூடினால் மறு சுவர். வீட்டுக்கு வந்தால் டெகன் போனை நீட்டுவாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சு புள்ளி ஒண்ணு. ஏம்மா?"

"உனக்கு அந்த நேரத்துல வரலாறு வகுப்பு. அதைப் பாரு."

"வரலாறு செத்துப் போனவங்களைப் பத்திதானே. நீ உயிரோட இருக்கியான்னு பாக்கறேன்."

பதினைந்து வயது. அவள் அப்பா மேற்கே சுரங்கத்தில் இருக்கிறார், மாதம் ஒரு தரம் போனில் வருவார். அவளுக்கு நான்தான், எனக்கு அவள்தான். இருந்தாலும் சில நாள் அந்தச் சென்சாரைப் பிய்த்துக் கடலில் எறிய வேண்டும்போல இருக்கும்.

இங்கே செமிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, இறங்கும் இடத்தில் கழற்றி, வாக்கி-டாக்கியில் எனக்கு வழி சொல்பவனை எங்கள் தொழிலில் டாக்மேன் என்போம். நாய்க்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. செமிசி டோங்கா தீவுக்காரன், கதவை அடைக்கிற உடம்பு. ஆறு வருடமாக என் டாக்மேன். நான் அவனை மலை என்பேன், டேய் என்பேன், அதற்கு மேலும் சொல்வேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவன் என்னை அக்கா என்பான்.

கட்டடத்துக்கு அந்தப் பக்கம் சுமையை இறக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கம்பியும் கொக்கியும் கான்கிரீட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். அவன் குரல்தான் என் கண். "எறக்கு, எறக்கு, எறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். அப்படி விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரல் இருக்கும்வரை கை நகரும். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்து நின்றாலும் சரி, அவன் கால் தடுக்கி விழுந்து நின்றாலும் சரி, சுமை அந்த இடத்திலேயே நிற்கும். "நிறுத்து" என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சத்தம் நின்றால் நிறுத்து. தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான்.

இதைத் தெரிந்த நான் என் போனின் அலாரத்தைச் சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தேன். முன்பொரு நாள் நான் வாக்கி-டாக்கி பட்டனை அழுத்தின நேரம் பார்த்து அது கூவித் தொலைத்தது, கட்டடம் முழுக்கக் கேட்டது. ஒரு வாரம் பயல்கள் என்னைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் மாதிரி கூவினார்கள். அதிலிருந்து போன் அதிர மட்டும் செய்யும்.

பிப்ரவரியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை என் எண் ஏழு புள்ளி நாலு. அம்பு படுத்திருந்தது. ட்ரெண்ட் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தன் அட்டையில் குறித்துக்கொண்டான். இருபத்தொன்பது வயது, சுத்தமான பூட்ஸ்.

"ஆளேத்தற லிஃப்ட் இன்னிக்கு ரிப்பேர், கெய்லீன். முப்பத்தொரு மாடியும் படிதான்."

"அதுக்கு மேலே ஏணி. தெரியும். நீயும் வாயேன், பூட்ஸ்ல கொஞ்சம் தூசி படட்டும்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஏறினேன். கடற்காற்று இல்லாத காலை, படிக்கட்டெல்லாம் சிமெண்ட் ஈரமும் வேர்வையும். மேலே போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தேன். எட்டு மணிக்கு ஆறு புள்ளி ஒன்று. ஒன்பது மணிக்கு ஆறு. சொன்னேன், ட்ரெண்ட் குறித்தான். அவ்வளவு படி ஏறினால் சர்க்கரை அன்றைக்குப் பூராவும் இறங்கிக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஜாம் ரொட்டிக் காலத்தில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவை இருந்ததில்லை.

ஒன்பதே காலுக்கு டீ இடைவேளை. நான் கேபினிலேயே சாப்பிடுவேன், இறங்கி ஏற யாரால் முடியும். கோழி சாண்ட்விச்சைப் பிரித்து வைத்து, கணக்குப் பார்த்து, வயிற்றில் இன்சுலினைக் குத்திக்கொண்டேன். இரண்டு கடி கடித்திருப்பேன்.

"அக்கா, கம்பி லாரி வந்துடுச்சு" என்றான் செமிசி. "அரை மணி முன்னாடியே வந்து தெருவை அடைச்சுட்டு நிக்கறான். பத்து மணி வரைக்கும்தான் தெருவுல நிக்க அனுமதியாம்."

"நான் இப்பத்தான் வாயில வெச்சேன்டா. சாண்ட்விச் என்னைப் பாத்து அழுவுது."

"நாலே கட்டுக்கா. முடிச்சுட்டுச் சாப்பிடு."

சாண்ட்விச்சை ஜன்னல் ஓரம் வைத்தேன். இன்சுலின் உள்ளே போய்விட்டது, சாப்பாடு வெளியே உட்கார்ந்திருந்தது. இந்தத் தப்பை எங்களில் செய்யாதவர் கிடையாது. ஒரு நிமிஷம் கழித்துச் சாப்பிடலாம் என்று நினைப்போம், அந்த ஒரு நிமிஷம் அரை மணியாகிவிடும்.

முதல் கட்டு போயிற்று. இரண்டாவது கட்டைத் தூக்கும்போது போன் அதிர்ந்தது. நாலு புள்ளி ஆறு, அம்பு சாய்ந்திருந்தது. சட்டைப்பையில் ஜெல்லி மிட்டாய் எப்போதும் இருக்கும். அந்த வெயிலில் அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. விரலால் பிய்த்து மூன்று, நாலு தின்றேன். விரலெல்லாம் பிசுபிசுத்தது, லீவரும் பிசுபிசுத்தது. மூன்றாவது கட்டு. போன் மறுபடி அதிர்ந்தது. சரியாக நாலு. அம்பு தலை குப்புற.

வாக்கி-டாக்கியை எடுத்து "நிறுத்துங்கள், எனக்குச் சர்க்கரை இறங்குகிறது" என்று சொல்ல வேண்டியதுதான். நாலாவது சேனலில் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ட்ரெண்ட் உள்பட. இன்னும் நாலுக்குக் கீழே போகவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். சென்சார் தப்பாகக்கூடக் காட்டும், விரலைக் குத்திப் பார்த்துவிடலாம் என்று மீட்டரை எடுத்தேன். குத்தினேன். ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டேன்.

எட்டு புள்ளி ஒன்பது.

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அழுகையே வந்தது. எட்டு புள்ளி ஒன்பது! சென்சார்தான் பொய். இத்தனை மாதம் என் கையில் ஒட்டிக்கொண்டு என்னைப் பாடாய்ப்படுத்தின அந்தப் பொத்தான்தான் பொய்க்காரி. அதே நேரம் பார்த்து டெகனிடமிருந்து செய்தி வந்தது.

"அம்மா நாலு. அம்பு கீழே. சாப்பிடு."

"விரல்ல 8.9. மெஷின் பொய் சொல்லுது. நீ கணக்கைப் பார்" என்று தட்டிப் போட்டுவிட்டு, போனைத் திருப்பிக் குப்புறக் கவிழ்த்தேன்.

விரலில் ஜெல்லி மிட்டாய் ஒட்டியிருந்தது. நான் சோதித்தது என் ரத்தத்தை இல்லை, மிட்டாயை. முதல் வாரமே நர்ஸ் சொல்லித்தருகிற பாடம், கையைக் கழுவிவிட்டுக் குத்து என்று. எட்டு வருடம் அதைப் பிசகாமல் செய்தவள் அன்றைக்கு மறந்தேன். மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. எனக்கு அந்த எண் வேண்டியிருந்தது, வேண்டிய எண் வந்ததும் எடுத்துக்கொண்டேன்.

நாலாவது கட்டு இரண்டு டன். முப்பத்தொன்றாம் மாடியின் பின்பக்கம், எனக்குத் தெரியாத பக்கம். தெருவில் அவன் உதவியாள் மாட்டிவிட, அங்கே செமிசி நின்றுகொண்டிருந்தான்.

"எறக்கு, எறக்கு, எறக்கு" என்று ஆரம்பித்தான்.

கடல் அன்றைக்கு என்ன அழகாக இருந்தது. அலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, ஓரத்தில் வெளிச்சம் நெளிந்தது. வாய் ஓரம் லேசாக மரத்துப்போயிருந்தது, அது மிட்டாய் இனிப்பால் என்று நினைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அது வெயில். எனக்கு யார் மீதும் கோபமே இல்லை. ட்ரெண்ட்கூடப் பாவம், நல்ல பையன் என்று தோன்றியது. செமிசியின் குரல் எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. கை தன் பாட்டுக்கு லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

நடுவில் அவன் ஏதோ சொன்னான். நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

குரல் நின்றது.

கை நின்றது. நான் நிறுத்தவில்லை. என்னால் அப்போது எதையும் நிறுத்தியிருக்க முடியாது. பத்தொன்பது வருடம் பழகின கை, குரல் நின்றதும் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பிரேக் பிடிக்கிற அதிர்வு இருக்கையில் தெரிந்தது.

நான் காத்திருந்தேன். எதற்கென்று தெரியாமல் காத்திருந்தேன்.

"அக்கா" என்றான் செமிசி, ரொம்ப நிதானமாக. "சுமையைத் திருப்பற கயிறு ஒண்ணு கம்பியில சிக்கிக்கிச்சு. பத்து நிமிஷம் ஆவும். நீ எதையும் தொடாத. அந்த சாண்ட்விச்சை எடு. ஜூஸ் டப்பா இருக்குமே, அதை முதல்ல குடி. கேக்குதா? முதல்ல ஜூஸ்."

அவன் சொன்னான், செய்தேன். ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்த மூன்று தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. குடித்தேன், சாண்ட்விச்சைத் தின்றேன், இன்னொரு ஜூஸும் குடித்தேன். அப்புறம் ஏனோ, எட்டு வருடப் பழக்கம்தான், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து விரலைக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினேன்.

இரண்டு புள்ளி எட்டு.

போனைத் திருப்பினேன். மூன்று புள்ளி ஒன்று. டெகனிடமிருந்து ஆறு செய்திகள். கடைசிச் செய்தி: "மெஷின் பொய் சொல்லலை. அம்மா ப்ளீஸ்." சென்சார் பொய்யே சொல்லியிருக்கவில்லை. அது எப்போதும் பத்து நிமிடம் பழைய கதையைச் சொல்லும், அவ்வளவுதான். அது நாலு என்று காட்டியபோதே நான் நாலுக்குக் கீழே எங்கோ போய்விட்டிருந்தேன்.

அப்போதுதான் பயம் வந்தது. கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு டன் கம்பி அந்தரத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் செமிசி நிற்கிறான். அதை நான் கடலைப் பார்த்துக்கொண்டே இறக்கியிருக்கிறேன்.

"கெய்லீன், மணி பத்து" என்றான் ட்ரெண்ட் நாலாவது சேனலில். "நம்பர்?"

மீட்டரின் சின்னத் திரையில் இரண்டு எண்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு எட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு இரண்டு புள்ளி எட்டு. மேலே இருப்பதைச் சொன்னால் பொய்கூட இல்லை, நேரத்தோடு பதிவாகி இருக்கிறது. பத்து நிமிடத்தில் நிஜமாகவே எண் ஏறிவிடும். கயிறு சிக்கிக்கொண்டது என்று செமிசி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நாற்பது பேர் கேட்டாகிவிட்டது.

பட்டனை அழுத்தினேன். "எட்டு" என்ற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

செமிசி ஒன்றும் பேசவில்லை. ஆறு வருடத்தில் அவன் நாலாவது சேனலில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. சிக்கின கயிறைத் திட்டவில்லை, லாரிக்காரனைத் திட்டவில்லை, மூச்சுகூட விடவில்லை. அந்த அமைதிக்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான்.

"ரெண்டு புள்ளி எட்டு" என்றேன்.

"திரும்பச் சொல்லு" என்றான் ட்ரெண்ட்.

"ரெண்டு புள்ளி எட்டு. காதுல சிமெண்ட்டா? பிரேக் போட்டாச்சு. லீவரை விட்டுக் கையை எடுத்துட்டேன். சுமை இன்னும் அந்தரத்துல நிக்குது. வேற ஆளை அனுப்பு."

வேறு எவனாவது ஆம்புலன்ஸ் மாதிரி கூவுவான் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தனும் கூவவில்லை.

"சரி" என்றான் ட்ரெண்ட். "குள்ளனை அனுப்பறேன். நீ சாப்பிட்டுட்டே இரு. அஞ்சுக்கு மேலே வராம ஏணியில கால் வெக்காத." அப்புறம் பட்டனை விட மறந்தவன் மாதிரி, "சொன்னதுக்குத் தேங்க்ஸ், கெய்லீன்" என்றான்.

டெகனுக்குத் தட்டினேன். "நீ சொன்னதுதான் சரி. சாப்பிட்டேன். ஏறுது."

உடனே பதில் வந்தது. "தெரியும். பாத்துட்டுதான் இருக்கேன்."

குள்ளன் வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஆறரை அடி உயரம், அதனால் குள்ளன், எங்கள் ஊரில் பெயர் வைக்கும் லட்சணம் அது. தெற்குப் பக்கக் கிரேனுக்கு மாற்று ஆள். மூச்சிரைக்க ஏறி வந்து கேபின் வாசலில் நின்றான். அந்தக் கேபினில் ஒரு ஆள்தான் இருக்க முடியும். நான் எழுந்து வெளியே வந்தால்தான் அவன் உள்ளே போக முடியும்.

"பொறுமையா வாக்கா" என்றான். வேறு நாளாக இருந்தால் கிழவி என்றிருப்பான்.

கேபினுக்குப் பின்னால் இரும்புக் கம்பி வலை போட்ட ஒரு மேடை உண்டு. அதில் போய் உட்கார்ந்து, இடுப்பு வாரைத் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டேன். வலை வழியாக நூறு மீட்டருக்குக் கீழே தெரு தெரிந்தது. குள்ளன் இருக்கையைப் பின்னால் தள்ளினான், அவன் காலுக்கு என் அளவு போதவில்லை. தன் சாப்பாட்டுப் பையை என் கொக்கியில் மாட்டினான். அதற்காக அவன் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. கோபம் வந்தது. அப்படியென்றால் சர்க்கரை ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

"எறக்கு, எறக்கு, எறக்கு" என்றான் செமிசி.

அதே குரல். எனக்குச் சொல்லவில்லை. குள்ளனுடைய கை அதைக் கேட்டு நகர்ந்தது. என் கையும் முழங்காலின் மேல் தானாக நகர்ந்தது, அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சுமை தரையில் உட்கார்ந்தது. கொக்கி லேசாகும்போது கிரேன் முழுவதும் ஒரு பெருமூச்சு விடும், அது மேடையில் தெரிந்தது.

மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி மூன்று.

வாக்கி-டாக்கியை ஏழாவது சேனலுக்குத் திருப்பினேன். அது நானும் செமிசியும் ஊர்வம்பு பேசுகிற சேனல். அவன் அங்கே ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தான்.

"கயிறு எங்கே சிக்குச்சு?" என்றேன்.

"எந்தக் கயிறு?"

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "வேகம் ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னேன் இல்ல, அப்ப நீ என்ன சொன்னே தெரியுமா? 'சரிங்க செமிசி, மன்னிச்சுக்கங்க'ன்னே."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"சொன்னே. வாங்க போங்கன்னு. ஆறு வருஷத்துல எனக்கு அந்த மரியாதை கிடைச்சதே இல்லைக்கா. அதான் வாயை மூடிட்டேன். எங்கப்பாவும் அப்படித்தான். சர்க்கரை எறங்கினா பெத்த புள்ளைங்களையே வாங்க உக்காருங்கம்பாரு. வீட்டுல எல்லாரும் அலறி அடிச்சுட்டு ஜூஸ் எடுக்க ஓடுவோம்."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாகிவிட்டது. பட்டனை விட்டுவிட்டு அழுதேன், அவனுக்குக் கேட்காமல்.

"அப்பவே நாலாவது சேனல்ல சொல்லியிருக்கலாமே" என்றேன் பிறகு.

"அது நீ சொல்ல வேண்டிய நம்பர். நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லாம இருந்திருந்தேன்னா?"

"இப்ப நம்பர் எவ்வளவு?" என்றான்.

நாலு புள்ளி ஏழு. அம்பு சாய்ந்து மேலே பார்த்தது. எட்டு வருடமாக இந்த எண்ணைக் கெஞ்சியிருக்கிறேன். ஏறு என்று, இறங்கு என்று, இருந்த இடத்தில் இரு என்று. ஏறாதே என்று அன்றைக்குத்தான் முதல் தரமாகக் கெஞ்சினேன். ஐந்தைத் தாண்டும்வரைதான் நான் இங்கே இருக்கலாம். தாண்டிவிட்டால் இறங்க வேண்டும், இறங்கினால் எப்போது ஏறுவேன் என்று யாருக்கும் தெரியாது, ஏறுவேனா என்றும் தெரியாது. கம்பி வலையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். வெறும் கடல்தான். வெளிச்சமும் நெளிவும் போய்விட்டிருந்தன.

நாலு புள்ளி ஒன்பது. ஐந்து. ஐந்தில் வெகுநேரம் நின்றது. நான் அசையவில்லை, அசைந்தால் ஏறிவிடும்போல உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து புள்ளி மூன்று.

போன் அதிர்ந்தது. "அஞ்சுக்கு மேலே! இறங்கிடும்மா" என்று டெகன்.

எழுந்து இடுப்பு வாரைக் கழற்றினேன். கண்ணாடி வழியாகக் குள்ளன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். நான் இரண்டு விரலைக் காட்டினேன், எங்கள் ஊரில் அது கெட்ட வார்த்தை. அவன் சிரித்தான். ஏணியின் வாயில் முதல் காலை வைத்தபோது கைகளுக்கு இரும்பு சூடாக இருந்தது. கீழே, ஏணி முடிகிற முப்பத்தொன்றாம் மாடியில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மலை அண்ணாந்து நின்றது.

மார்பில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. ஏழாவது சேனல் இல்லை. எப்போது நாலாவதுக்கு மாற்றினேனோ, நானே கவனிக்கவில்லை. நாற்பது பேரும் கேட்கிற சேனல்.

"எல்லாரும் சேனலை விடுங்க" என்றான் செமிசி. "சுமை ஒண்ணு எறங்குது. அக்கா, என் குரல் கேக்குதா?"

"கேக்குதுடா."

"அப்ப எறங்கு, எறங்கு, எறங்கு. மெதுவா. எறங்கு, எறங்கு."

ஒரு படி. இன்னொரு படி. குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இதே குரலுக்கு ஆறு வருடம் கம்பியும் கண்ணாடியும் கான்கிரீட்டும் இறக்கியிருக்கிறேன். அந்தக் கொக்கியில் தொங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே பார்க்கவில்லை. பார்த்தால் கேபினில் குள்ளனின் தொப்பி தெரியும்.

"பத்து மீட்டர். எறங்கு, எறங்கு. அஞ்சு. அப்படித்தான். எறங்கு, எறங்கு. ரெண்டு. ஒண்ணு. அரை மீட்டர். மெதுவா, மெதுவா."

குரல் நின்றது.

நின்றேன். காலுக்கு அடியில் தரை இருந்தது.